பிள்ளைகளின் பல்: வீட்டுக் கடமையும் சங்கக் கோரிக்கையும்

(கண்டியில் நடைபெற்ற எமது சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் பல்வலியோடு ஒரு பிள்ளை லயத்துக் காம்பராவில் ராத்திரி முழுக்க அழுதால், அந்த வீட்டில் மட்டுமல்ல, அடுத்த காம்பராவிலும் யாரும் தூங்குவதில்லை. மறுநாள் பிள்ளை பாடசாலைக்குப் போவதில்லை. அம்மா மலைக்குப் போவதில்லை. அவளுடைய பேர் போகிறது. அப்படியானால் இது சங்கத்தின் விஷயம்தானே.

நாம் வைத்தியர்கள் அல்ல. வைத்தியர்கள் சொல்வதைக் கேட்டு, படித்து, எமது தோட்ட வாழ்க்கைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று யோசித்து வந்திருக்கிறோம். முதலில், இது ஏன் தொழிலாளர் விஷயம் என்று சொல்கிறோம். அடுத்து, பிள்ளை வளர வளர வீட்டில் என்ன செய்ய வேண்டும். கடைசியாக, நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் நாம் என்ன கேட்க வேண்டும்.

உலகமே படித்த எங்கள் வாய்

தோழர்களே, உலகத்தில் எந்தப் பல் வைத்தியக் கல்லூரிக்குப் போனாலும் ஈறு நோயைப் பற்றிய பாடத்தில் "இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்" என்ற சொல் வரும். பலருக்கு இது தெரியாது. 1970 ஆம் ஆண்டு நோர்வே நாட்டுப் பல் விஞ்ஞானி ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் எமது மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்து, ஈறு எங்கே பிடித்திருக்கிறது என்று அளந்து எழுதினார்கள். 1985 வரை, பதினைந்து வருட காலத்தில், பல தடவை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள்.

ஏன் எங்களைத் தெரிவு செய்தார்கள்? எங்கள் ஆட்களுக்குப் பல் வைத்தியம் என்பதே கிடைத்திருக்கவில்லை. பிரஷ் பிடித்துப் பல் விளக்கும் பழக்கமும் இல்லை. ஈறு நோயை யாரும் தடுக்காமல் அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு அவர்களுக்கு எங்கள் தோட்டங்கள் பொருத்தமாக இருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோர்வேயின் தலைநகரமான ஒஸ்லோவில் மாணவர்களையும் படித்த உத்தியோகத்தர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சின்ன வயதிலிருந்தே பாடசாலையில் பல் வைத்தியம் பெற்று, தினமும் பல் விளக்கி வளர்ந்தவர்கள்.

கணக்கு என்ன சொன்னது? பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கும் தசையும் எலும்பும் நோயினால் கீழே இறங்கும். நாற்பது வயதை நெருங்கும்போது ஒஸ்லோக்காரருக்கு அது சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான் இறங்கியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு நாலரை மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. ஒரு பல்லின் வேரே ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீற்றர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், நாலரை என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளங்கும்.

1986 இல் வெளிவந்த முடிவில் எங்கள் ஆட்களை மூன்றாகப் பிரித்தார்கள். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் வேகமாகப் போனது. அவர்களுக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, நாற்பத்தைந்து வயதில் வாயில் பல்லே இல்லை. நூற்றுக்கு எண்பத்தொரு பேருக்கு மெதுவாக, ஆனால் விடாமல் போனது. மீதி பதினொரு பேருக்கு, பல்லில் அழுக்கு அதே அளவு இருந்தும், நோய் முன்னேறவில்லை.

இந்தப் பதினொரு பேரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "எங்க தாத்தா பிரஷ்ஷையே கண்டதில்லை, எண்பது வயசுலயும் கரும்பு கடிச்சாரு" என்று லயத்தில் யாராவது சொல்வார்கள். அது பொய் இல்லை. அந்தத் தாத்தா நூற்றில் பதினொரு பேரில் ஒருவர். ஆனால் உங்கள் மகனும் மகளும் எந்தக் கூட்டத்தில் பிறந்திருக்கிறார்கள் என்று சின்ன வயதில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும் என்கிறோம்.

நாற்பது வருடம் கழித்து, 2010 இல், அந்த 480 பேரில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் பார்த்தார்கள். முப்பது வயதில் யாருக்கு ஈறு ஓரளவு நன்றாகப் பிடித்திருந்ததோ, அவர்களுக்குத்தான் அறுபது வயதில் இருபது பல்லுக்குக் குறையாமல் மிஞ்சியிருந்தது என்று கண்டார்கள். அப்படியானால் அறுபது வயதுப் பல்லின் தலைவிதி முப்பதுக்குள் எழுதப்படுகிறது. முப்பது வயது மனிதனின் பழக்கமோ பத்து வயதுக்குள் வருகிறது. பிள்ளைகளைப் பற்றி இன்று பேச வந்ததன் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயமும் அந்த ஆய்வில் இருக்கிறது. அன்று எங்கள் ஆட்களுக்கு ஈறு கெட்டிருந்ததே தவிர, சொத்தைப் பல் அநேகமாக இல்லவே இல்லை. பிரஷ் இல்லாமலும் சொத்தை இல்லை! சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. இன்று லயத்துக் கடையில் டொபியும், கிறீம் பிஸ்கட்டும், கலர் சோடாவும் மாலை மாதிரித் தொங்குகின்றன. 2015-16 இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்த நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொத்தைப் பல் இருந்தது. ஆக, தாத்தா காலத்து ஈறு நோயும் நம்மை விட்டுப் போகவில்லை. பேரன் காலத்துச் சொத்தையும் வந்து சேர்ந்துவிட்டது.

எங்கள் பாட்டன்மாரின் வாயை அளந்துதான் உலகம் இந்த அறிவைப் பெற்றது. அந்த அறிவு இன்னும் எமது லயங்களுக்கு முழுமையாகத் திரும்பி வரவில்லை. அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

பிள்ளை வளர வளர

இனி வீட்டுக்கு வருவோம்.

பிள்ளையின் பல், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணித் தாய்மாரைக் கிளினிக்கில் பதியும்போது பல் வைத்தியரிடமும் அனுப்புவார்கள். "பல்லு வலிக்கல, எதுக்குப் போகணும்" என்று விடாதீர்கள். அந்த நாட்களில் ஈறு சுலபமாக வீங்கும், இரத்தம் வரும். அம்மாவின் வாய் சுத்தமாக இருந்தால் அதுவே பிள்ளைக்கு முதல் உதவி.

ஆறு மாதமளவில் முதல் பல் முளைக்கும். பல் வரும் முன்பே சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைத்துப் பழக்கலாம். வாய்க்குள் விரல் வருவது பழகிவிட்டால், பிறகு பிரஷ் வரும்போது பிள்ளை உதறாது. முதல் பல் எட்டிப் பார்த்த அன்றே பிரஷ்ஷைத் தொடங்குங்கள். சின்னத் தலையுள்ள, மெத்தென்ற பிரஷ். பேஸ்ட் ஒரு அரிசி அளவுக்கு மேல் வேண்டாம்.

இந்த வயதில் பெரிய எதிரி சூப்பிப் போத்தல். பால் மாவில் சீனி கலந்தும், தேத்தண்ணியில் சீனி போட்டும் போத்தலில் ஊற்றி, பிள்ளை தூங்கட்டும் என்று வாயில் வைத்துவிடுகிறோம். தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரக்கும். எச்சில்தான் பல்லைக் கழுவிக் காப்பது. அது இல்லாத நேரத்தில் இனிப்பு பல்லில் ஊறிக்கொண்டே இருந்தால், மேல் முன்பற்கள் ஒன்றரை, இரண்டு வயதிலேயே கறுத்து உடைந்துபோகும். தூங்கும் நேரத்துப் போத்தலில் தண்ணீர் தவிர வேறு வேண்டாம். ஒரு வயதுக்குப் பிறகு போத்தலை விட்டுக் கோப்பைக்கு மாற்றுங்கள்.

தேயிலைத் தொழிலாளர் கூட்டத்தில் இதையும் சொல்ல வேண்டும்: தேத்தண்ணி குற்றவாளி அல்ல, அதில் போடும் சீனிதான் குற்றவாளி. சீனி வாயில் பட்டதும் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு அரை மணி நேரமளவில் பல்லை அரிக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி என்பதைவிட, எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒரு டொபியைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஒரு தடவை. அதே டொபிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னேரம் முழுக்க ஒவ்வொன்றாகச் சப்பினால் பத்துத் தடவை. பிள்ளைக்கு இனிப்பே கொடுக்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை; தீபாவளியும் தைப்பொங்கலும் வரத்தான் செய்யும். சாப்பாட்டு நேரத்தோடு கொடுங்கள், இடையில் கொடுக்காதீர்கள்.

இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பால் பற்களும் வந்துவிடும். மூன்று வயதிலிருந்து பேஸ்ட்டைக் கடலைப் பருப்பு அளவுக்குக் கூட்டலாம். "பால் பல்லு தானே, விழுந்து முளைக்கும்" என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பதினொரு வயது வரை இருக்க வேண்டியவை. அவை முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாயும். பின்னால் வரும் நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பால் பல்லும் வலிக்கும். மெல்ல முடியாத பிள்ளை ரொட்டியைத் தொடாது, சோற்றை விழுங்காது. எடை குறைந்த பிள்ளைகள் அதிகம் உள்ள தோட்டங்களில் இது சின்ன விஷயமா?

ஆறு வயது மிக முக்கியமான வயது. அந்த வயதில் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, கடைவாயில் நாலு பெரிய பற்கள் சத்தமில்லாமல் முளைக்கும். ஒன்றும் விழாததால் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறோம். அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல். அதன் மேற்புறத்தில் ஆழமான பள்ளங்கள் உண்டு, உணவு சிக்கும், சொத்தை அங்கேதான் முதலில் பிடிக்கும். முதலாம், இரண்டாம் வகுப்பில் இருக்கும் உங்கள் பிள்ளையை இன்றிரவு விளக்கடியில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கடைசிப் பல் பெரிதாக, புதிதாகத் தெரிந்தால் அதற்குத் தனிக் கவனிப்புக் கொடுங்கள். அந்தப் பள்ளங்களைப் பூசி மூடும் சிகிச்சையும் இருக்கிறது. பல் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஏழு, எட்டு வயது வரை பிள்ளையின் கைக்குச் சரியாக விளக்கும் பக்குவம் வராது. பிள்ளை முதலில் விளக்கட்டும், பெருமைப்படட்டும்; பிறகு பெரியவர் ஒருவர் பின்னால் நின்று, தலையைத் தன் மேல் சாய்த்து, இன்னொரு தடவை விளக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருபத்தெட்டு நிரந்தரப் பற்கள் இருக்கும். இந்த வயதில்தான் பிள்ளை நம் கையை விட்டுப் போகிறது. நண்பர்களோடு பாக்கும் புகையிலையும் பழகுவதும் இந்த வயதில்தான். மலையில் பசிக்கும் குளிருக்கும் வெற்றிலை போட்டுப் பழகியவர்கள் நாம். அதைச் சொல்லி யாரையும் ஏசப் போவதில்லை. ஆனால் இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காமல் மென்றாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் அறிவித்துவிட்டது. வெற்றிலைத் தட்டத்தைப் பிள்ளை கையில் கொடுத்து எடுத்து வரச் சொல்வதையும், வாய் சிவக்கட்டும் என்று ஒரு துண்டு கொடுப்பதையும் பாட்டிமார் நிறுத்த வேண்டும். இதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம்.

எப்படி, எப்போது, எதனால்

ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பிரட்டுக்கு ஓட வேண்டிய காலை நேரத்தில் பீலித் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். பிள்ளை வாயில் நனைத்துவிட்டு ஓடிவிடும். அதனால் இரண்டு தடவையில் ஒன்றை உறுதியாகப் பிடிப்பதென்றால் இரவைப் பிடியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்கப் போகும் முன், இரண்டு நிமிடம். அதன் பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. எச்சில் குறையும் இரவு முழுக்கப் பல் சுத்தமாக இருக்கும்.

தகப்பன்மாருக்கு ஒரு சொல். பல தோட்டங்களில் ஆண்களுக்குப் பகலோடு வேலை முடிந்துவிடுகிறது. பெண்கள் கொழுந்து நிறுத்து வீடு வர ஐந்து மணிக்கு மேலாகிறது; வந்ததும் அடுப்பு, தண்ணி, துணி. ஆகவே பிள்ளைக்கு இரவில் பல் விளக்குவது அப்பாவின் வேலை என்று இன்று இந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடுவோம். அப்பா பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று தானும் விளக்கினால் அதைவிடப் பெரிய பாடம் இல்லை. பிள்ளைகள் காதால் கேட்டுப் பழகுவதைவிடக் கண்ணால் பார்த்துப் பழகுவதே அதிகம்.

விளக்கி முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்ட்டில் இருக்கும் புளோரைட் பல்லில் கொஞ்ச நேரம் தங்கினால்தான் பல் உறுதியாகும். தண்ணீருக்குத் தவிக்கும் லயங்களுக்கு இது வசதியும்கூட: ஒரு கோப்பைத் தண்ணி ஒரு வீட்டுக்கே போதும். அநுராதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் கிணற்று நீரில் புளோரைட் அளவுக்கு மிஞ்சி இருந்து பல்லில் கறை பிடிக்கிறது. எமது மலைநாட்டு ஊற்று நீரில் அது மிகக் குறைவு. ஆகவே எமது பிள்ளைகளுக்குப் பேஸ்ட் வழியாகக் கிடைப்பது முக்கியம். வாங்கும்போது உறையில் புளோரைட் என்று எழுதியிருக்கிறதா, அளவு 1000 அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் பாருங்கள். மூலிகைப் பேஸ்ட்களில் அது இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு.

கரி, செங்கல் தூள், உப்பு போட்டுத் தேய்ப்பது பல்லை வெளுப்பாக்குவது போல் தெரியும். உண்மையில் பல்லின் மேல் ஓட்டைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியை இழிவாகப் பேச மாட்டோம். நன்றாக மென்று மெத்தென்றாக்கி மெதுவாக விளக்கினால் அழுக்குப் போகும். ஆனால் அதில் புளோரைட் இல்லை. சின்னப் பிள்ளையின் கடைவாய்க்கு அது எட்டுவதும் கஷ்டம்.

ஒரு பிரஷ் மூன்று மாதம். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஒரு பிரஷ்ஷை அண்ணனும் தங்கச்சியும் பங்கு போடக் கூடாது.

ஈறில் இரத்தம் வந்தால் விளக்குவதை நிறுத்திவிடுகிறோம். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. முன்னே சொன்ன அதே ஹரால்ட் லோ 1965 இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆரோக்கியமான ஈறுள்ள பன்னிரண்டு பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் சரியாகிவிட்டது. இரத்தம் வருவது, சரியாக விளக்கவில்லை என்பதற்கு அடையாளம். மெதுவாக, ஈறோரத்தில் வட்டமாக விளக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள்.

மாதம் ஒரு தடவை பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரத்தில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் இனிப்பைக் குறைத்து, புளோரைட் பேஸ்ட்டால் ஒழுங்காக விளக்கினால் அதை நிறுத்தலாம். கறுத்த பிறகு பார்த்தால் அடைக்க வேண்டும்; வலித்த பிறகு போனால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். பல்வலியோடு முகம் வீங்கி, காய்ச்சலும் இருந்தால் கிராம்பு வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிள்ளையைப் பயமுறுத்துவதற்குப் பல் வைத்தியரைப் பூச்சாண்டியாக்காதீர்கள். "சொன்ன பேச்சு கேக்கலைன்னா பல்லு டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஊசி போடுவேன்" என்று நாலு வருடம் சொல்லிவிட்டு, ஐந்தாம் வருடம் கூட்டிப்போனால் அது எப்படி வாயைத் திறக்கும்?

பக்கத்தில் இருந்தும் தூரம்

தோழர்களே, வீட்டுக் கடமையைச் சொன்னோம். வீட்டால் மட்டும் முடியாததும் இருக்கிறது.

இந்த நாட்டில் பல் வைத்தியக் கல்வி 1943 இல் கொழும்பில் தொடங்கி, பிறகு பேராதனைக்கு வந்தது. நீண்ட காலமாக இலங்கைக்கே ஒரே பல் வைத்திய பீடமாக இருந்தது பேராதனைப் பல்கலைக்கழக பீடம்தான். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய உதவியோடு அங்கே பெரிய பல் போதனா வைத்தியசாலை எழும்பியது. நாட்டின் மிகச் சிறந்த பல் வைத்தியர்கள் இருக்கும் இடம், ஹந்தானை மலையின் அடிவாரத்தில், எமது கண்டித் தோட்டங்களிலிருந்து ஒன்றிரண்டு பஸ் தூரத்தில் இருக்கிறது. சிகிச்சை இலவசம்.

ஆனால் அந்த ஒன்றிரண்டு பஸ் தூரம் எவ்வளவு என்று எமக்குத் தெரியும். தோட்டத்து ரோட்டில் முதல் பஸ் வரும் நேரத்துக்குக் கிளினிக்கில் இலக்கம் கொடுத்து முடிந்துவிடும். தாய்க்கும் பிள்ளைக்கும் பஸ் காசு, ஒரு நாள் பேர். அங்கே போனால் மொழிச் சிக்கல். இத்தனையும் சேர்ந்துதான், வலி பொறுக்க முடியாத நிலைக்கு வந்த பிறகே நம்மைப் போக வைக்கிறது. தாய்மாருக்குக் கவனமில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையில் பாடசாலைப் பற் சிகிச்சையாளர்களைப் பயிற்றத் தொடங்கினார்கள். பிள்ளையைத் தேடி வைத்தியம் பாடசாலைக்கே போக வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு அவர்கள் சிகிச்சை அளிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது நகரத்துப் பாடசாலைக்குப் போகும் வேகத்தில் எமது தோட்டப் பாடசாலைக்கு வந்து சேருவதில்லை.

வேறொரு நாட்டின் அனுபவத்தையும் சொல்கிறோம். லூல்கந்துரவில் 1867 இல் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அந்த ஸ்கொட்லாந்தில் 2003 இல் பாடசாலைக்கு வரும் ஐந்து வயதுப் பிள்ளைகளில் வெளிப்படையான சொத்தை இல்லாதவர்கள் நூற்றுக்கு 45 பேர்தான். ஏழைப் பிள்ளைகளின் நிலை அதைவிட மோசம். அரசாங்கம் என்ன செய்தது? முன்பள்ளிகளில் தினமும் ஆசிரியையின் கண் முன்னால், புளோரைட் பேஸ்ட் கொண்டு பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பல் விளக்க ஏற்பாடு செய்தது. வீட்டுக்கும் பிரஷ், பேஸ்ட் இலவசமாகக் கொடுத்தது. 2020 இல் சொத்தை இல்லாத பிள்ளைகள் நூற்றுக்கு 73 பேருக்கு மேல். பிரஷ்ஷுக்கும் பேஸ்ட்டுக்கும் செலவழித்ததைவிட, பல் பிடுங்கும், அடைக்கும் செலவில் மிச்சப்பட்ட பணம் அதிகம் என்றும் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்.

முன்பள்ளியில் அவர்கள் செய்ததைச் செய்ய எமக்குப் புதிதாக ஒரு கட்டடம் தேவையில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் பிள்ளை மடுவம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே பிள்ளைகள் அங்கே வந்துவிடுகிறார்கள். பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற சகோதரிகள் இருக்கிறார்கள். இல்லாதது ஒரு தட்டும், பிள்ளைக்கு ஒரு பிரஷ்ஷும், ஒழுங்காக வரும் தண்ணீரும்தான்.

எமது கோரிக்கைகள்

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு பிள்ளை மடுவத்திலும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் சேர்ந்து பல் விளக்க ஏற்பாடு வேண்டும். பிள்ளைக்கு ஒரு பிரஷ். அதில் பேரோ, பூவோ, பறவையோ அடையாளம். ஒன்றோடொன்று படாமல் நிறுத்தி வைக்க ஒரு தட்டு. செலவைத் தோட்ட நிர்வாகமும், ட்ரஸ்ட் என்று நாம் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் ஏற்க வேண்டும்.

இரண்டு: பிள்ளை மடுவத்துக்கும் லயங்களுக்கும் சுத்தமான குழாய்த் தண்ணீர். தண்ணீர் இல்லாத இடத்தில் சுகாதாரப் போதனை செய்வது கேலிக்கூத்து.

மூன்று: வருடத்துக்கு இரண்டு தடவையாவது பல் வைத்தியக் குழு தோட்டத்துக்கோ தோட்டப் பாடசாலைக்கோ வர வேண்டும். இதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்போம்.

நான்கு: பிள்ளையின் பல் சிகிச்சைக்குத் துண்டோடு போய் வரும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய பேரில் அரைப் பேராவது வெட்டாமல் கொடுக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இதைச் சங்கம் முன்வைக்க வேண்டும்.

ஐந்து: கிளினிக்கில் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வேண்டும். "நைட்ல பால் போத்தல் குடுக்காதீங்க" என்ற ஒரு வசனம் விளங்காமல் போனதால் ஒரு பிள்ளைக்குப் பல் போகக் கூடாது.

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதத்துக்குள் மூன்று விஷயத்தைப் பார்த்து எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை மடுவத்தில் எத்தனை பிள்ளைகள், அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதா, பல் வைத்தியக் குழு கடைசியாக எப்போது தோட்டத்துக்கு வந்தது. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் நிர்வாகம் தட்டிக்கழிக்க முடியாது. பிரஷ் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வசதியுள்ள கமிட்டிகள் சந்தாப் பணத்தில் ஒரு மடுவத்துக்காவது வாங்கிக் கொடுத்துத் தொடங்கலாம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எமக்கு முன்னே இருந்த தலைமுறையில் எத்தனையோ பேர் நாற்பது வயதில் பல்லிழந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார்கள். எமது பிள்ளைகள் நாளைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போக வேண்டும், வகுப்பறையில் நின்று பாடம் சொல்ல வேண்டும், இதே மேடையில் ஏறி உரிமை கேட்க வேண்டும். வாயை மூடாமல் அவர்கள் பேச வேண்டும்.

இன்றிரவே தொடங்குவோம்.